அறுந்து அறுந்து குறைந்த அழுகை

மகள் நகப்பாலிஷ் பூசும்போதெல்லாம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த டெண்டுக் கொட்டகை எனக்குள் எழுந்துவிடுகிறது; அறுந்த பிலிமை ஒட்டுகிற பசைக்கும் இதே வாடைதான், சாரலில் நனைந்த மணலும் பெண்கள் பக்கத்துப் பிச்சிப்பூவும் அதற்குள் கலந்து கிடக்கும்.

புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட என் சித்தி, மகளுக்குச் சின்ன ஆச்சி, ஒரே படத்துக்கு என்னைத் தினமும் கூட்டிப்போனாள். அதில் கணவன் துரத்திவிட்ட ஒருத்தி வாசற்படியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள், கடைசியில்தான் ஒரு சொட்டு விழும்.

"ஏட்டி, அவ அழல. அழாம இருக்கப் பாக்குதா. அதாம்ட்டி நடிப்பு" என்பாள், வீட்டில் ஒருநாளும் அழாத சித்தி. இன்று படங்களில் குடம் குடமாய்க் கண்ணீர் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் பிலிம் அந்த இடத்தில்தான் அறுந்தது. ஒட்ட ஒட்ட அவள் நிற்கும் நேரம் குறைந்தது. சித்தி ஆபரேட்டரிடமே போய், "அண்ணாச்சி, அந்த எடத்த மட்டும் வெட்டாதிய" என்றாள்.

"நானா வெட்டுதேன் தாயி? அதுவா அறுந்துபோவுது. ஒட்டணும்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டத்தானே செய்யணும்."

கடைசி நாள் திரையில் அவள் வாசற்படிக்கு வந்ததுமே படம் அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டது. சித்தி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, அந்தப் படமும் எங்குமே இல்லையாம். அந்த நடிகையைப்போல் எவரும் நடித்ததில்லை என்று நான் சொன்னால் நம்ப ஆளில்லை. எப்படித்தான் நின்றாள் என்று மகள் கேட்டதற்கு, உதட்டைக் கடித்து நின்று காட்டினேன்.

"இது சின்ன ஆச்சி மொகம்லாம்மா" என்றாள்.