நேர்த்திக்கடன் என்று நான் குறித்த கட்டம்

“ரோட்டுல போறவுககிட்ட தண்ணி குடிச்சியா, டீ குடிச்சியான்னு கேக்குறதுக்கா இம்புட்டுப் படிப்பு?” என்று மாமா சிரித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அதில் எனக்குக் கர்வம் உண்டு. பொருளாதார ஆய்வு மாணவியாக, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைத் திண்டுக்கல் சாலையில் நிறுத்தி விவரம் எழுதத் தொடங்கிய நாள் அது. “ஆமா மாமா, அதுக்குத்தான்” என்றேன்.

அந்தக் கேள்விகளைத் தயாரித்தவர் என் பேராசிரியர். சுற்றுலா என்றால் விடுதி அறைகளை எண்ணுவது என்று மற்றவர்கள் இருந்தபோது, “ரூம் எடுக்காம நடந்து வர்றவரும் பயணிதாம்மா. அரசாங்கத் திட்டத்துல அவருக்கும் ஒரு வரி வேணும்” என்பார். அந்த ஒரு வரிக்காகவே தன் பணிக்காலம் முழுவதும் எழுதினார். மாணவர்களை அனுப்பிவிட்டு அறையில் உட்காராமல், தலையில் துண்டோடு எங்களுடன் ஒட்டன்சத்திரம் வரை நடப்பார்.

குழுவில் பெண் நான் ஒருத்திதான். ரெட்டியார்சத்திரம் தாண்டி, உதடு வெடித்திருந்த ஓர் அக்காவிடம், வழியில் ஏன் எதுவும் வாங்கிக் குடிக்கவில்லை என்று கேட்டேன். பக்கத்தில் ஆண்கள் இல்லையென்று பார்த்துக்கொண்டு, “குடிச்சா எங்கிட்டுப் போயி ஒதுங்க, தாயி? ரெண்டு பக்கமும் வெட்டவெளி. ஆமா, நீ குடிச்சியா?” என்றார். நானும் குடித்திருக்கவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். காரணம் குறிக்கும் இடத்தில் மூன்று கட்டங்கள்: காசில்லை, விருப்பமில்லை, நேர்த்திக்கடன். கீழே ‘பிற’ என்று ஒரு கோடும் இருந்தது. பையன்கள் படித்துத் தொகுக்கப்போகும் தாளில் ஒதுங்குவதைப் பற்றி எழுதக் கை கூசியது. நேர்த்திக்கடன் என்று குறித்தேன். பிறகு அதே பதிலைச் சொன்ன பெண்கள் எல்லோருக்கும் அப்படியே குறித்தேன்.

தாள்களைப் புரட்டிய பேராசிரியர், “எல்லாப் பொம்பளைகளுமா நேர்த்தி? நல்லாக் கேட்டியாம்மா?” என்றார்.

“ஆமா சார்.”

கண்ணாடியைக் கழற்றி என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நம்பினார். பெண்கள் பக்தியால் வழியில் எதையும் குடிப்பதில்லை, ஆகவே வசதிகளை மலையடிவாரத்தில் செய்தால் போதும் என்று கட்டுரை முடிந்தது. அவர் பெயருக்குக் கீழே என் பெயர். அம்மா அந்தப் பக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

போன வருடம் அவர் இறந்துபோனார். அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. இந்தத் தை மாதத்தில் பேருந்து சன்னல் வழியே, பாட்டில் தண்ணீரில் வாயை நனைத்து, விழுங்காமல் துப்பிவிட்டு நடக்கிற ஒரு பெண்ணைப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. இருந்தும், “நல்லாக் கேட்டியாம்மா?” என்ற குரல் அங்கிருந்துதான் வந்தது. இனி அவரிடம் போய் உண்மையைச் சொல்ல வழியில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலைக்கான நேர்காணல். என் தகுதிகளில் முதலாவதாக நிற்பது அந்தக் கட்டுரைதான். இந்தத் திங்கட்கிழமை, அந்தப் பெண்கள் சொன்ன பதில் என்ன, அதை மாற்றிக் குறித்தவள் யார் என்று ஒரு பக்கம் எழுதி, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதன் நகலை நேர்காணல் கோப்பில், கட்டுரைக்கு மேலே வைத்திருக்கிறேன்.