இரவல் மொட்டை

நான்காம் வகுப்பு படித்த காலத்தில் என் தலையில் முடி தங்கியதே இல்லை. வீரபாண்டி அம்மனுக்கு என் முடிமேல் அப்படி என்ன ஆசையோ என்று நொந்துகொள்வேன்.

முதல் மொட்டை அம்மாவோடு. மதுரை ஆஸ்பத்திரியில் அவளுடைய மார்புக் கட்டிக்கு மருந்து ஏற்றத் தொடங்கியதும் தலையணையெல்லாம் முடியாகக் கிடந்தது. புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாலி கட்டிக்கொண்ட பெண் தனியாக மொட்டையோடு வந்தால் தெருவே விசாரிக்கும். மகளும் மொட்டையாக வந்தால் நேர்த்திக்கடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடும். அம்மாவின் கணக்கு தப்பவில்லை.

அவளுக்கு மறுபடி முடி முளைத்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு. அதன்பிறகு அவள் வீட்டில் இருந்த நாள் குறைவு. கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்ப் பெண்ணுக்கு அந்தச் சீக்கு என்றாலும் பஸ் ஏறிவிடுவாள். வாய்ப்புண்ணோடு எதைக் குடிக்கலாம், கதிர்வீச்சுக் கரண்டு வைத்த இடத்தில் எதைத் தடவக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். முடி கொட்டத் தொடங்கியவர்களுக்கு என்னையும் கொடுத்தாள்.

தேவாரத்து அத்தை எங்களுக்கு உறவில்லை. மதுரையில் அம்மாவோடு பழகியவர். பிள்ளை இல்லாதவர். முடி கொட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். எனக்கோ அப்போதுதான் ரிப்பன் கட்டும் அளவுக்கு முடி வந்திருந்தது. ஆண்டு விழாக் கோலாட்டத்துக்கு ரெட்டைச் சடை வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"மருமக நேத்திக்கடனுக்கு அத்தையும் சேந்து மொட்டை போட்டாகன்னு சொல்லிக்கிருவோம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "எம்புள்ள என்ன கோயிலுக்கு நேந்துவிட்ட ஆடா? ஊருக்கெல்லாம் இரவல் குடுக்கிற?"

"முடிதான, முளைச்சுக்கிரும்."

மொட்டை போடுகிறவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஏ பாப்பா, மறுபடியுமா?" என்றார். அழுது அழுது எனக்கு விக்கல் வந்தது. தேவாரம் பஸ்ஸில் எல்லோரும் என் தலைச் சந்தனத்தைத்தான் பார்த்தார்கள். பாதி வழியில் அத்தை முக்காட்டை எடுத்துவிட்டு ஜன்னல் காற்றில் தலையைக் காட்டினார். இறங்கும்வரை என் கையை விடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கோலாட்டம் நான் இல்லாமல் நடந்தது. பிறகு கம்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அதற்குள் எனக்கு அழக்கூடச் சலித்துப்போயிற்று. சொன்னதும் போய்த் தலையைக் குனிந்தேன்.

மறுவருஷம் முடி திரும்பவும் ரிப்பனுக்கு எட்டியபோது, மதுரைக்குப் போய்வந்த அம்மா பையைக்கூட இறக்கிவைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் இருத்தி வெகுநேரம் தலையைக் கோதினாள்.

"ஆத்தா, வீரபாண்டிக்குப் போயிட்டு வருவமா?" என்றாள்.

"இந்தத் தடவ யாருக்கு?" என்றேன் எரிச்சலாக.

"எனக்குத்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் யாருக்கோ கொடுத்து அலுத்துப்போயிருந்தேன், அம்மாவுக்கென்றால் பேச்சென்ன? ரிப்பனை நானே அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். இத்தனை சந்தோஷமாகக் கொடுக்கும்போது அம்மா ஏன் அழுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.