யாரு போட்டுக் குடுத்தா?

கணக்கு வாத்தியார் கிருஷ்ணப்பனுக்குப் பெண்பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் கோபமே வராது. "சோத்துக்கு உப்பு அளவாப் போடத் தெரிஞ்சாப் போதும்மா, உக்காரு" என்று சிரிப்பார். பையன்கள் தப்பு செய்தால் காதைத் திருகி மறுபடி போடவைப்பார். ஒரு பெண் சரியாகப் போட்டுவிட்டால்தான் வம்பு. "யாரு போட்டுக் குடுத்தா?" என்பார். வகுப்பே சிரிக்கும்.

1984 அரையாண்டுப் பரீட்சையில் பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் ஒரு சரிவகக் கணக்கை அவர் சொல்லித்தராத வழியில் போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம் ஆகிவிடுகிறது. அழகான வழி. ஒருவன் மாயவன். இன்னொருத்தி கடத்தூர் டெய்லர் அப்துல் கனியின் மகள் சுல்தானா, பரீட்சையில் அவனுக்கு முன்பெஞ்சு. வாத்தியார் யோசிக்கவே இல்லை. அவளை எழுப்பி நிறுத்தினார்.

"யாரு போட்டுக் குடுத்தா?"

"நானே போட்டதுங்க சார்."

மாயவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முழு மார்க், அவளுக்குச் சைபர்.

சாயங்காலம் மார்க்கைப் பதியும்போதுதான் கண்ணில் பட்டது. சுல்தானா 'இஞ்சு' என்று எழுதி, அடித்துவிட்டு 'செ.மீ.' என்று திருத்தியிருந்தாள். மாயவனும் அதே இடத்தில் 'இஞ்சு' எழுதி அடித்திருந்தான். கரும்புக்காட்டுக்காரன் மகனுக்கு இஞ்சு எங்கிருந்து வரும்? முன்பெஞ்சைப் பார்த்து எழுதியவன் அவன்தான். ஆனாலும் வகுப்பில் போய்த் தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டார்.

மறுவாரம் அப்துல் கனி வந்தார். "காப்பியடிச்ச புள்ளைன்னு பேராயிடுச்சுங்க சார். இனிமே அனுப்பல." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன்பின் கனி கடைப்பக்கம் போக முகமில்லாமல், வாத்தியார் சட்டை தைக்க பஸ் ஏறி பொம்மிடிக்குப் போனார். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. பணி ஓய்வு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் பொம்மிடிக்காரர் துணி பத்தாது என்று கைவிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் அப்துல் கனி கடைக்கு வந்தார். கனி அளவெடுத்து உள்ளே சொல்ல, திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கைய மட்டும் குறுக்க வெட்டி ஒட்டுப் போட்டாப் பத்தும் அத்தா."

வாத்தியார் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "யாரு போட்ட கணக்கு?"

தையல் மிஷின் நின்றது.

"நானே போட்டதுங்க சார்."

"சரிதாம்மா" என்றார் கிருஷ்ணப்பன். அதையும் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.