மூணு கம்பி, ஒரு பேரு

டவர் வேலையில் மேலே ஏறுகிறவரை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே கயிறு பிடிக்கிறவள் கண்ணில் படவே மாட்டாள். புருசன் வேலைக்குப் பின்னாலேயே போய் நிற்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு இது புதுசாக இருக்காது. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

எங்க வூட்டுக்காரர் செல்போன் டவர் ஏறிப் பழகினவர். அந்த வேலை நின்றதும், கள்ளக்குறிச்சி சுத்துப்பட்டில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறவர்களுக்கு டவர் நட ஆரம்பித்தார். ஹாம் என்றால், லைசென்ஸ் வாங்கி, சொந்த செட்டில் உட்கார்ந்து தேசம் தேசமாகப் பேசுவது. பொழுதுபோக்காம். அவர்களுக்கு.

சும்மா போகிற கம்பி

முதல் வேலை ரிஷிவந்தியத்தில், ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் வீட்டில். அறுபது அடி டவர். மூணு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். மூணும் ஒரே இழுப்பாக இருந்தால்தான் டவர் நிற்கும். எங்க வூட்டுக்காரர் ஏறும் முன்னால் மூணு கம்பியின் அடி முளையையும் ஆட்டிப் பார்க்கணும். சாமானைக் கப்பியில் ஏற்றணும். ஒவ்வொரு எட்டுக்கும் பெல்ட் கொக்கி மாட்டியிருக்காரா என்று பார்க்கணும். இதெல்லாம் என் பாடு. அவர் இறங்குகிறவரை கண்ணை எடுக்கக் கூடாது.

என் பெண்ணுக்கு அப்போது ஏழு மாசம். வேப்பமர நிழலில் துணி விரித்துக் கிடத்தியிருந்தேன். வாத்தியார் சம்சாரம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாமா, சும்மா வானத்தைப் பாத்துகினு நிக்கிற? அந்தக் கம்பியும் சும்மாதான போவுது. அதுல தூளியைக் கட்டிட்டு, உள்ள வந்து வெங்காயம் உரிச்சுக் குடேன்."

கூவின ஒரு தடவை

மேலே காற்றுச் சத்தம். நான் "இந்தாங்க" என்று கூப்பிட்டால் கீழே நிற்கிற ஆம்பிளைகள் நாலு பேர் திரும்புவார்கள், மேலே இருக்கிறவர் மட்டும் திரும்ப மாட்டார். அதனால் முன்னாடியே சொல்லியிருந்தார்: "மேல ஏறிட்டா நான் உன் புருசன் இல்ல, கயித்துல தொங்குற சாமான். பேரைச் சொல்லிக் கத்து."

வாத்தியார் வீட்டில் ரெண்டாம் நாள், கொக்கியை மாட்டாமலே அடுத்த எட்டு வைக்கப் போனார். கத்திவிட்டேன், பேரைச் சொல்லி. நின்றார், மாட்டினார். அந்தப் பேரை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பே கூசிப்போச்சு. வாத்தியார் சம்சாரம் மோவாயில் கை வைத்தார்.

"புருசன் பேரை ஊரு கேக்கக் கூவுறாளே! நாளைக்கு வாடா போடான்னுவா போல."

ஜப்பான்காரன்

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து டவர் காலில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நில்லுங்க. ரெண்டு தட்டு என்றால் இறங்குங்க. இரும்போடவே சத்தம் மேலே போய்விடும். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

கல்வராயன் மலையில் வெளியூர் கிளப்காரர்கள் ரெண்டு நாள் போட்டி வைத்தார்கள், யார் ஜாஸ்தி தேசத்தோடு பேசுகிறார்கள் என்று. அவர் நாற்பதடியில் இருக்கும்போது கரியாலூர் பக்கம் மின்னல் வெட்டியது. ரெண்டு தட்டு. மளமளவென்று இறங்கிவிட்டார். ஜீப்புக்குள் இருந்த ஒருத்தர் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"ஜப்பான்ல ஆளு காத்துகினு இருக்கான், உங்களுக்கு இந்தத் தூத்தல் பெரிசாப் போச்சா?"

மூணுல ஒண்ணு

வடக்கனந்தலில் ஒரு இன்ஜினியர் வீட்டு டவர். ஆடிக் காற்றுக்கு முன்னால் வருசா வருசம் துரு, நட்டு எல்லாம் பார்த்துக் கொடுப்போம். அவர் வீட்டில் இடம் கம்மி, மூணாவது கம்பியின் முளை பக்கத்து நிலத்துக்காரர் கொல்லையில் இருந்தது. அன்றைக்கும் மூணையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொன்னேன்.

எங்க வூட்டுக்காரர் ஐம்பதடியில் ஒரு காலைச் சட்டத்துக்குள் விட்டு நின்றபடி நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். கொல்லையில் டிராக்டர் சத்தம். கம்பியில் மோதிடப் போகுதே என்று வரப்போடு ஓடினேன். மோதவில்லை. வண்டி போக வழி வேணும் என்று கொல்லைக்காரர் உட்கார்ந்து முளையில் கம்பியைப் பிடித்திருந்த திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசிச் சுத்துதான் பாக்கி.

திரும்பினேன். டவர் நூறடிக்கு அந்தப் பக்கம். கையில் ஸ்பேனர் இருந்தது, தட்ட இரும்பு இல்லை. பேரைச் சொல்லியிருந்தால் காலையாவது வெளியே உருவியிருப்பார். என் வாயில் வந்தது "இந்தாங்க". கொல்லையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டவர் சாய்ந்து புளியமரத்தில் மாட்டி நின்றது. பெல்ட் அவரை விடவில்லை. சட்டத்துக்குள் இருந்த காலை இரும்பு விடவில்லை. கொல்லைக்காரர் திருகைக் கையில் வைத்தபடியே சொன்னார்:

"மூணுல ஒண்ணுதானமா அவுத்தேன், மீதி ரெண்டு இருக்குதில்ல?"

ஆப்பிளும் பிஸ்கட்டும்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு. நல்ல மனுசர்தான். எங்க வூட்டுக்காரர் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நீ அங்கதானமா இருந்த. ஒரு குரல் குடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதே."

தரை

இப்போது என் கொழுந்தன் ஏறுகிறான், நான் கீழே நிற்கிறேன். அடி முளை ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் ஏறச் சொல்லுவேன். "டேய் சேகரு, கொக்கி!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். கொழுந்தன் பேரைச் சொன்னால் ஊரில் யாரும் சிரிக்கிறதில்லை.

போன வாரம் வாசலில் தண்ணி தெளித்திருந்தேன். அவர் கட்டையை ஊன்றி வந்தார். கட்டை வழுக்கியது. "முருகேசா!" என்று அலறிவிட்டேன். தெருவே வெளியே வந்து பார்த்தது. அவர் சுவரைப் பிடித்துச் சமாளித்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இப்ப இன்னாத்துக்குக் கூவுற? நான் தரையிலதான இருக்கறேன்."

டவர் நிற்க மூணு கம்பி போதும், என் வாய் திறக்கத்தான் ஒரு கால் தேவைப்பட்டது.