அம்மா ஐடில் ஆகாத மத்தியானம்

எங்கள் வீட்டில் எல்லோரையும் ஆட்டிப்படைத்தது ஒரு மஞ்சள் புள்ளி. அம்மா கீழ்க்கட்டளை வீட்டில் இருந்தபடியே நாவலூரில் இருந்த ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் திரையின் மூலையில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகி, பக்கத்தில் ‘ஐடில்’ என்று எழுத்து வந்துவிடும். அந்த மாதம் மட்டும் அதற்காக இரண்டு எச்சரிக்கை மெயில்கள் வந்திருந்தன. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அத்தாவின், அதாவது என் அப்பாவின், மெக்கானிக் ஷாப் படுத்துவிட்ட சமயம் அது. வாடகை, என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே அம்மாவின் சம்பளத்தில்தான்.

ஐந்தாம் வகுப்புக்காரியான எனக்கு அந்த வார்த்தை மேல் அப்படி ஒரு கோபம். டிக்‌ஷனரியில் தேடிப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘வெறுமை’ என்று அர்த்தமாம். அப்புறம் ‘உபயோகமில்லாதது’ என்றாகி, அதற்கும் பிறகுதான் ‘வேலை செய்யாமல் சும்மா இருப்பது’ என்று ஆனதாம். அம்மா மத்தியானம் லுஹர் தொழப் போகும் பத்து நிமிடத்திலும் புள்ளி மஞ்சளாகத்தான் செய்தது. தொழுகிறவள் எப்படி வெறுமையாவாள்? அத்தாவிடம் கேட்டேன்.

“சிக்னல்ல வண்டி நின்னுகினு கீது. ஆனா எஞ்சின் ஓடிகினுதானே கீது? அதாம்மா ஐடில். அது சரியில்லேன்னா வண்டி ஆஃபாயிடும், பேஜாரு” என்றார் அத்தா.

அத்தா சொன்ன அர்த்தம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சம்பளம் போடுவது அத்தா இல்லையே. கடைசியில், ஸ்கூல் லீவு என்பதால் அம்மா தொழும் நேரத்தில் மவுஸை ஆட்டுவது என் பொறுப்பாயிற்று. அம்மாவுக்கு அதில் உறுத்தல்தான். “பத்தே நிமிஷம்தான்” என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொள்வாள்.

ரமலானில் ஒருநாள் தொழுது முடித்தவள், பாயிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். நோன்பு வைக்கும் முன் சாப்பிடும் ஸஹருக்குச் சமைக்க விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்தவள். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அரை மணி நேரம் ஆட்டியதில் மணிக்கட்டு விட்டுப்போனது. அப்போதுதான் மேஜையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஃபேன் கண்ணில் பட்டது. அதன் தலையில் ஸ்கேலைக் கட்டினேன். ஸ்கேல் நுனியில் மவுஸை ரப்பர் பேண்டால் பிணைத்தேன். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பினால் மவுஸ் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம். புள்ளி பச்சையிலேயே நின்றது. ராக்கெட் விட்டவர்களுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

இரண்டு மணி நேரம் கழித்து போன் அடித்தது. அம்மாவின் மேனேஜர். அம்மா பதறி எழுந்து போனை எடுக்க, நான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

“என்னங்க, ரெண்டரை மணி நேரமா ஒரு நிமிஷம்கூட நீங்க ஐடில் இல்ல. ஆனா ஒரு பதில்கூடப் போகலையே? என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அம்மா ஃபேனைப் பார்த்தாள், ஸ்கேலைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து உலுக்கி, “நெட் ஸ்லோன்னு சொல்லும்மா” என்று கிசுகிசுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“மேடம், நோன்பு. தொழுதுட்டு அப்படியே தூங்கிட்டேன். மவுஸை என் பொண்ணு ஆட்டியிருக்கா. தினமும் தொழற நேரத்துலயும் அவதான் ஆட்டுவா. தப்புதான் மேடம்.”

அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்தேன். கேட்டதற்கு மேலேயும் ஒப்பித்த அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“இன்னைக்கு அரை நாள் லீவுன்னு போட்டுடறேன்” என்றது குரல். “தொழுகை நேரத்துக்கு பிரேக் கேட்டு ஒரு மெயில் அனுப்புங்க, நான் அப்ரூவ் பண்றேன். முதல்ல அந்த மவுஸை நிறுத்தச் சொல்லுங்க, இன்னும் ஓடிட்டே இருக்கு.”

போனை வைத்துவிட்டு அம்மா சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது. அடுத்த தொழுகையான அஸருக்கு எழுப்பச் சொல்லிவிட்டு மறுபடி பாயில் படுத்தாள். இந்த முறை குறட்டையே விட்டாள்.

போன பெருநாளுக்கு அந்த மேடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு மூணாவது மெயிலை டைப் பண்ணி வச்சுட்டுத்தான் போன் பண்ணேன். நெட் ஸ்லோன்னு நீங்க சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன். அந்த வாரம் அதையே நாலு பேர் சொல்லிட்டாங்க.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி மேடத்தின் தட்டையே கவனித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மவுஸை ஃபேனில் கட்டிய அன்று சாயங்காலம் நோன்பு திறக்கும்போது, “அம்மா வேலைய நான்தான் காப்பாத்தினேன்” என்று அத்தாவிடம் சொல்லி, அதற்காக இரண்டு வடை கூடுதலாக வாங்கித் தின்றிருந்தேன்.