இரண்டு இருபதுக்கு வரும் இரைச்சல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போன வருஷம் சித்திரை மாதம், பாகூரில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. பேய்க்கும் ராத்திரிக்கும் யார் முடிச்சுப் போட்டார்களோ தெரியாது. எனக்கு நடந்தது சாப்பாட்டு நேரம் முடிந்த மதியத்தில்.

என் பெயர் நவீன்குமார். மூலக்குளத்தில் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். உசத்தியான ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்களுக்கு அதற்கேற்ற கரன்ட் ஏற்பாடு செய்து தருவதுதான் என் தொழில். கரன்ட் அழுக்காக வந்தால் பாட்டும் அழுக்காகத்தான் வரும்.

பாகூர் ஏரிக்குப் போகும் வழியில் அரிகரன் தன் வயலிலேயே புது வீடு கட்டியிருந்தார். பழைய மோட்டார் கொட்டகையின் ஒரு சுவர் மட்டும் அப்படியே நின்றது. அதுதான் பாட்டு அறைக்குப் பின்சுவர். அதன் வெளிப்பக்கத்தில் கொட்டகைக் காலத்து மெயின் போர்டு. வீட்டுக்கும் அதிலிருந்துதான் கரன்ட்.

"அந்தச் சுவத்த மட்டும் இடிக்க எங்கப்பா வுடல சார். அத வுடுங்க. தெனம் மதியானம் ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு சத்தம் வருது. ஸ்டெபிலைசரா, கரன்ட்ட சுத்தம் பண்ற கண்டிஷனரா, இன்னா வெச்சா நிக்கும்?" என்றார் அரிகரன்.

முதல் நாள் ஸ்டெபிலைசர் வைத்தேன். மீட்டர் முள் 230-ல் அசையாமல் நின்றது. சரியாக 2:20-க்கு இரைச்சல் வந்தது. 2:24-க்கு நின்றது.

இரண்டாம் நாள் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். வெளி லைனிலிருந்து வீட்டு லைனைப் பிரித்து வைக்கும் சாமான் அது. அதற்கும் மசியவில்லை. இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சலுக்கு முன்னால் ஒரு சின்ன சத்தம்.

டக்.

"இந்த எடத்துல முன்னாடி எதுனா நடந்துச்சாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

மூலையில் நாற்காலியில் அரிகரனின் அப்பா சாமிநாதன் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், ஞாபகம் வரும், போகும். மகன் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அந்தோணிசாமின்னு ஒரு வயர்மேன். மோட்டார் லைன்ல கைய வெச்சான், பூட்டான். ஃபியூஸ புடுங்கவே இல்ல. கவனங்கெட்ட பய."

"பத்தொம்பது வருஷம் ஆவுது," என்றார் அரிகரன். "அவரு சம்சாரம் காசம்மாள் இன்னும் ஒத்துக்கல. எம் புருஷன் அப்டி வேலை செய்ற ஆளு இல்லன்னு பாக்குறவங்க கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியுது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கின ஃபியூஸ் கட்டையைப் போர்டு பக்கத்தில் வைக்க மாட்டோம். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஒயரைத் தொடுவோம். விவரம் தெரியாதவன் யாராவது திருப்பிச் சொருகிவிட்டால் உயிர் போய்விடும். இதைக்கூடச் செய்யாதவன் எல்லாம் வயர்மேனா என்று நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மெயினையே அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். லைனில் குறை இருந்தால் பேட்டரியில் சத்தம் வரவே கூடாது. இருபது வருஷமாக நான் பார்த்தது அதுதான்.

2:20. டக். ம்ம்ம்ம்...

எனக்கு வியர்த்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "எர்த் பழசுங்க. புதுசா குழி தோண்டி தனி லைன் இழுத்துடுவோம்" என்று சமாளித்தேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. எர்த் குழிக்கு உப்பும் கரியும் வாங்க அரிகரன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பெரியவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். 2:05-க்கு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் பிளக்கையும் உருவித் தரையில் போட்டேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தி, சுவரில் வரும் ஒயரின் தோலை உரித்தேன்.

ஃபேன் இல்லை. ஒரே புழுக்கம். மணி 2:19.

டக்.

பிளக் தரையில்தான் கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கரில்... யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு ஒரு குரல். ஆம்பிளைக் குரல். காதுக்குப் பக்கத்தில்...

"கட்டை எம் பாக்கெட்லதான் கீது... போடாதீங்கய்யா..."

என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

உள்ளே என் கட்டை. அதன் பக்கத்தில்...

இன்னொன்று.

"தம்பி... டெஸ்டர வெச்சுப் பாரு."

வைத்தேன்.

எரிந்தது.

எழுந்து ஓடினேன். போர்டுக்கு முன்னால் பெரியவர் நின்றிருந்தார். கையில் காய்ந்த துண்டைச் சுற்றியிருந்தார். ஃபியூஸ் இருந்த இடத்தில் முறுக்கின செம்புக் கம்பி!

"ரெண்டு மணிக்குத்தான் கரன்ட்டே வுடுறான். பயிரு காயுதுடா... இன்னும் எவ்ளோ நேரம்டா வேலை பாப்ப, அந்தோணி?"

மெயினை அணைத்துவிட்டு அந்தக் கம்பியைப் பிடுங்கினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெயிலில் நின்று பாக்கெட்டைத் துழாவினேன். இரண்டாவது கட்டை பழைய பீங்கான், ஓரம் கருகியது. ஒரு நீலத் துணித் துண்டில் சுற்றியிருந்தது. துணியில் மஞ்சள் நூலால் ஒட்டுத் தையல்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, விசாரித்துக்கொண்டு காசம்மாள் வீட்டுக்குப் போனேன். துணியோடு அதை அவர் கையில் வைத்தேன். கட்டையை அவர் பார்க்கவே இல்லை. துணியைத்தான் பார்த்தார்.

"இது எந் தையலு. நீல நூலு இல்லன்னு மஞ்சள்ல போட்டேன்." விரலால் தையலைத் தடவினார். "ஆஸ்பத்திரில சட்டைய குடுக்கும்போது அதுல பாக்கெட்டே இல்ல சார். யாரோ பிச்சிருந்தாங்க." அப்புறம்தான் கட்டையைப் பார்த்து, "அப்போ புடுங்கித்தான் வெச்சிருந்தாரு..." என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார். நானும் அழுதேன்.

அரிகரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே காசம்மாள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தார். அந்தோணிசாமி மேல் தப்பில்லை, கம்பியைப் போட்டது தன் அப்பாதான் என்று ஊர் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரைச்சல் இல்லை. கண்டிஷனர் எதையும் நான் வைக்கவுமில்லை.

பத்து நாள் கழித்து அரிகரனிடமிருந்து போன் வந்தது. சுவரை இடிக்கிறார்களாம்.

"நடுவுல ஒரு சின்ன பொந்து சார். கட்டை அளவுக்குத்தான் இருக்கு. அப்பாவே வெச்சுப் பூசியிருக்காரு போல. மேல் பூச்சுல ஒரு கீறல்கூட இல்ல. உள்ள காலி."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு துண்டு மஞ்ச நூலு கெடந்துச்சு சார்."