காலி வண்டியின் எடை

எதையும் கூட்டிச் சொல்வது என் பழக்கம். பல்லி விழுந்தால் முதலை விழுந்தது என்பேன். என் மனைவியைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வாள். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு கிலோகூடக் கூட்டவில்லை. நடந்தது அப்படியே இதுதான்.

பணி ஓய்வு பெற்றதும் பழைய கேம்பர் வேன் ஒன்றைப் பார்த்து வைத்தோம். உள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி. சக்கரம் வைத்த வீடு. தினம் ஓர் ஊரில் கண் விழிக்க வேண்டும் என்பது என் மனைவியின் வெகுநாள் ஆசை. கடன் கிடைக்கும் முன்பே ஜன்னல் திரைகளைத் தைத்து முடித்துவிட்டாள். விற்றவர் தங்கமான மனிதர். சனிக்கிழமைக்குள் பணம் வந்தால் போதும், அதுவரை ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். கொஞ்சம் அவசரமாகவே போனார்.

பேங்கில் வாகனக் கடன் மேஜைக்குப் போனேன். கட்டில் இருக்கிறதே, இது வீடு என்றார்கள். வீட்டுக் கடன் மேஜைக்குப் போனேன். சக்கரம் இருக்கிறதே, இது வண்டி என்றார்கள். இரண்டுக்கும் நடுவே நான் நடந்த நடையில் தரையில் வாய்க்காலே விழுந்தது. கடைசியில் மேனேஜர் மனமிரங்கி, முதலில் இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு நான் வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அவரைப் போனில் பிடிக்கக் காத்திருந்த நேரத்தில் எனக்கு இன்னொரு முறை பணி ஓய்வே கொடுத்திருக்கலாம். ஒருவழியாக வாய் திறந்தார். வண்டி பழசு, உள்ளே ஏகப்பட்ட மாற்றங்கள். அதனால் காலி வண்டியை எடை மேடையில் நிறுத்தி, பதிவில் உள்ள எடை சரிதானா என்று சீட்டு வாங்கி வர வேண்டும்.

மெத்தை, சிலிண்டர், பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியைத் துடைத்தே வைத்தேன். லாரிகளுக்கு நடுவே வெயிலில் வரிசையில் நின்று, வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

ஐம்பத்திரண்டு கிலோ அதிகம்.

மறுநாள் மறுபடி போனோம். அலமாரியில் ஒரு ஸ்பூன்கூட இல்லை. அதே ஐம்பத்திரண்டு. 'நாளைக்கு சார்' சீட்டைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம், மேடையை மூடும் நேரம். நானும் மனைவியும் கீழே இறங்கி நின்றோம். எடை மேடைக்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"பின்னாடி இருக்கறவங்களையும் இறக்குங்க சார்."

"யாரும் இல்லையே."

"பெல்ட் போட்டிருக்கே?"

பின்கதவைத் திறந்து பார்த்தேன். பின்சீட்டு பெல்ட் பூட்டியிருந்தது. காலையில் நான்தான் அதைக் கழற்றிவிட்டேன்...

பயந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று நாள் அலைச்சல் தலைக்கேற, அந்தக் காலி சீட்டைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டேன்.

"அம்மா தாயே, கொஞ்சம் இறங்குங்க. முடியலேன்னா என்னைப் பிடிச்சுக்குங்க."

"ஏங்க, விளையாடாதீங்க," என்றாள் மனைவி.

நான் விடுவேனா? திரும்பி நின்று முதுகை வேறு காட்டினேன்.

க்ளிக்.

பெல்ட் கழன்ற சத்தம்.

பிறகு ஒரு கிரீச்... வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

என் இடுப்பில் சுருக்கென்றது.

கூண்டிலிருந்து குரல் வந்தது. "இப்ப சரியா இருக்கு சார்."

எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு பறந்தோம். வழியெல்லாம் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் பெல்ட் சும்மா தொங்கி ஆடியது. எனக்குத்தான் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை காலை வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. அதோடு விட்டார்களா? கடன் வாங்குகிறவருக்கு வயது அதிகம், அவர் உயிருக்கும் ஒரு பாலிசி வேண்டும் என்றார் மேனேஜர். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எடை மெஷினில் ஏறி நின்றேன்.

நர்ஸ் தலை நிமிராமலே சொன்னாள். "ஒருத்தர் மட்டும் ஏறுங்க ஐயா."

"நான் மட்டும்தாம்மா நிக்கறேன்."

அவள் நிமிர்ந்தாள். மெஷினைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலே பார்த்தாள்... பேனா கீழே விழுந்தது.

என் எடை எனக்குத் தெரியும். கழித்துப் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு.

உடல் எடை மிக அதிகம் என்று பாலிசி மறுத்துவிட்டார்கள். பாலிசி இல்லை, கடனும் இல்லை. மனைவி திரைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். விற்றவருக்குப் போன் போட்டு, பணம் புரளவில்லை, வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முடியவே முடியாது என்றார். எரிச்சலில் எடை மேடைக் கதையையும் கொட்டினேன்.

அவர் குரல் தாழ்ந்தது.

"எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நடையே கிடையாது சார்," என்றார். "நான்தான் முதுகுல தூக்கிட்டுப் போய் அந்த சீட்ல உக்கார வைப்பேன். பெல்ட் போட்டுவிடுவேன். அங்கேயேதான் போய்ச் சேர்ந்தாங்க. அப்புறமும்..."

சட்டென்று பேச்சை மாற்றினார்.

"சார், இப்ப உங்களுக்கு முதுகு வலிக்குதா?"

முதுகு வலியை நான் அவரிடம் சொல்லவேயில்லை.

"ஆமா..."

அவர் மூச்சு விட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்படின்னா வண்டி காலிதான் சார். நானே வந்து எடுத்துக்கறேன்."